ஏஎஃப் இருக்கு, வாட்ச்ல 150 காட்டுது... நடக்கலாமா, ஷட்டில் ஆடலாமா?

கேள்வி: எனக்கு வயசு 57, ஈரோடு. மஞ்சள் மண்டில கணக்கு பாக்கறேன். ஏழு மாசம் முன்னாடி படபடப்புன்னு போனப்ப ஈசிஜி எடுத்துட்டு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏஎஃப்), அதாவது துடிப்பு தாறுமாறா அடிக்கறதுன்னு சொன்னாங்க. ஒரு தடவை ஷாக் குடுத்து சரி பண்ணாங்க, ரெண்டே மாசத்துல திரும்ப வந்துருச்சு. இப்ப அதை அப்படியே விட்டுட்டு, துடிப்பு வேகத்தை மட்டும் மாத்திரைல கன்ட்ரோல் பண்ணிக்கலாம்னு சொல்லிட்டாங்க. எக்கோல வால்வு நார்மல், பம்பிங் 60. மெட்டோப்ரோலால் 50, அபிக்ஸாபான் 5 ரெண்டு வேளை, பிரஷருக்கு டெல்மிசார்டன். டாக்டர் "வாக்கிங் போங்க"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாரு. நான் பல வருஷமா காலைல ஷட்டில் ஆடினவன், இப்ப எல்லாத்தையும் நிறுத்திட்டு 7 கிலோ ஏறிட்டேன். பையன் வாங்கிக் குடுத்த வாட்ச்ச கட்டிட்டு நடந்தா 92 காட்டுது, அடுத்த நிமிஷம் 151, பயந்து போய் உக்காந்துடறேன். வேகமா நடந்தா ரத்தக்கட்டி கிளம்பி மூளைக்குப் போயிடும்னு வீட்டுல எங்கயோ வீடியோ பாத்துட்டு மாடிப்படி கூட ஏற விடறதில்ல. நடந்தா இது சரியாகுமா? ஷட்டில் திரும்ப ஆடலாமா? மூச்சுப்பயிற்சி பண்ணலாமா?

பதில் (கார்டியாக் ரிஹாப், அதாவது இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி குடுக்கற பிரிவு, பிசியோதெரபிஸ்ட்):

வணக்கம் சார். முதல் வேலையா அந்த வாட்ச்ச கழட்டி பீரோல வைங்க. பையன் ஆசையா வாங்கிக் குடுத்ததுன்னு தெரியும், வெளிய போறப்ப மணி பாக்க கட்டிக்கோங்க, நடக்கறப்ப மட்டும் வேண்டாம். உங்க லெட்டர்ல பாதி பயம் அதுல இருந்துதான் வருது.

ஏன்னு சொல்றேன். ஏஎஃப்ல மேல் அறை ரெண்டும் ஒழுங்கா சுருங்கறதில்ல, நிமிஷத்துக்கு 350ல இருந்து 600 தடவை வரைக்கும் சும்மா நடுங்கிட்டு இருக்கும். நல்லவேளை அது அத்தனையும் கீழ் அறைக்கு வர்றதில்ல, நடுவுல ஏவி நோடுன்னு ஒண்ணு இருக்கு. கல்யாண மண்டபத்துல பந்திக்கு கதவு திறக்கறப்ப பாத்திருப்பீங்களே, வெளிய கூட்டம் முண்டியடிக்கும், வாசல்ல நிக்கறவரு ரெண்டு பேரை விடுவாரு, நிறுத்துவாரு, திடீர்னு நாலு பேரு உள்ள போயிடுவாங்க, அது மாதிரிதான். எத்தனை பேரு வெளிய நிக்கறாங்கங்கறது நம்ம கையில இல்ல, வாசல்ல நிக்கறவரை கொஞ்சம் கண்டிப்பானவரா மாத்தறதுதான் உங்க மெட்டோப்ரோலால் பண்ற வேலை. ஆனா ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவுல இருக்கற இடைவெளி ஒண்ணுக்கு ஒண்ணு வேற வேறயாத்தான் இருக்கும். ரெண்டு துடிப்பு ரொம்ப ஒட்டி வந்தா ரெண்டாவது துடிப்புக்கு உள்ள ரத்தமே சரியா நிரம்பியிருக்காது, நெஞ்சுல துடிச்சது மணிக்கட்டு வரைக்கும் வந்தே சேராது.

இப்ப வாட்ச் என்ன பண்ணுது? தோலுக்கு அடியில ரத்தம் வந்து போறத பச்சை லைட் அடிச்சுப் பாத்து, சில செகண்ட் கணக்க வெச்சு ஒரு நம்பர் போடுது. கை ஆடும், வேர்க்கும், பட்டை லூசா இருக்கும், இதோட துடிப்பும் தாறுமாறா வந்தா அது குழம்பத்தான் செய்யும். எங்க ரிஹாப்ல நெஞ்சுல ஸ்டிக்கர் ஒட்டி மானிட்டர்ல ஈசிஜி ஓடவிட்டுட்டுதான் ட்ரெட்மில்லுல நடக்க வைப்போம். மானிட்டர்ல 130 ஓடிட்டு இருக்கும், அவர் கைல இருக்கற வாட்ச் 96ன்னு நிக்கும், அதைப் பாத்துட்டு ஸ்பீட ஏத்துங்க மேடம்பாரு. இன்னொருத்தருக்கு மானிட்டர்ல 105தான், வாட்ச்ல 148, மனுஷனுக்கு அதைப் பாத்தே வேர்த்துடும். ஏஎஃப் இருக்கான்னு தெரியாதவங்களுக்கு "துடிப்பு ஒழுங்கா இல்ல, டாக்டர பாருங்க"ன்னு சொல்றதுல வாட்ச்சுக்கு ஒரு உபயோகம் இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல, ஆனா உங்களுக்கு அது ஏற்கனவே தெரிஞ்ச விஷயம்.

அப்புறம் 220ல இருந்து வயச கழிச்சு அதுல 70 சதவீதம்னு ஜிம்முல ஒரு கணக்கு சொல்வாங்க. உங்களுக்கு கழிச்சா 163, அதுல 70 சதவீதம் சுமார் 114ன்னு வரும். அந்தக் கணக்கு உங்களுக்கு ஆகாது. ஒண்ணு ஏஎஃப், இன்னொண்ணு பீட்டா பிளாக்கர், அதாவது உங்க மெட்டோப்ரோலால், ரெண்டுமே அந்த ஃபார்முலாவ உடைச்சுடும்.

அப்ப எதை வெச்சு நடக்கறது? உங்க பேச்ச வெச்சு. நடக்கறப்ப பக்கத்துல வர்றவங்க கிட்ட முழு வாக்கியமா பேச முடியணும், ஆனா பாட்டு பாடற அளவுக்கு மூச்சு மிச்சம் இருக்கக் கூடாது, அதுதான் உங்களுக்கான வேகம். தனியா நடக்கறீங்கன்னா பதிமூணாம் வாய்ப்பாட்ட வாய்விட்டு சொல்லிட்டே போங்க, கணக்கு பாக்கறவரு, தடுமாறாது. ரெண்டு வரிக்கு ஒரு தடவை நின்னு மூச்சு வாங்கினா வேகம் ஜாஸ்தி, குறைங்க. பதினாறு தடவையும் கடகடன்னு சிரமமே இல்லாம ஒப்பிச்சுட்டீங்கன்னா கொஞ்சம் காலை எட்டிப் போடலாம். கேக்க விளையாட்டா இருக்கும், ஆனா ரிஹாப்ல நாங்க ஏஎஃப் உள்ளவங்களுக்கு நிஜமா நம்பறது இதைத்தான், நம்பர விட இது நல்லா வேலை செய்யுது.

நம்பர் வேணும்னே தோணுச்சுன்னா காலைல கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை, அஞ்சு நிமிஷம் அமைதியா உக்காந்துட்டு, மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கம் ரெண்டு விரல் வெச்சு முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கறது ஏஎஃப்ல செல்லாது, ஒரே ஆளுக்கு முதல் 15 செகண்ட்ல 17 வரும், அடுத்த 15ல 25 வரும். உக்காந்த நிலைல 110க்குள்ள இருந்தா கிளம்புங்க. 2010ல நெதர்லாந்துல 614 பேர வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, ரேஸ் 2ன்னு பேரு, ஏஎஃப் நிரந்தரமா இருக்கறவங்களுக்கு உக்காந்த நிலை துடிப்ப 80க்கு கீழ கொண்டு வந்தாலும் 110க்கு கீழ வெச்சிருந்தாலும் முடிவுல பெரிய வித்தியாசம் இல்லைன்னு அதுல வந்துச்சு. அதனால 88, 94ன்னு வந்தா பதற வேண்டியதில்ல. 110க்கு மேல வந்துச்சுன்னா அன்னிக்கு நடைக்கு லீவு, மாத்திரை போட்டாச்சான்னு பாருங்க, காய்ச்சலா, ராத்திரி தூக்கம் இல்லையா, வயித்துப்போக்கான்னு யோசிங்க, மறுநாளும் அப்படியே இருந்தா டாக்டருக்கு போன் போடுங்க. பிரஷர் மெஷினும் இதே கதைதான், ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, ஒரு நிமிஷம் விட்டு விட்டு மூணு தடவை எடுத்து சராசரி போடுங்க.

இப்ப வீட்டுல இருக்கற பயம். இதை அவங்களையும் பக்கத்துல உக்கார வெச்சு படிங்க. ஏஎஃப்ல ரத்தக்கட்டி வரும், பக்கவாதம் வரும்ங்கறது நிஜம்தான், மத்தவங்கள விட சுமார் அஞ்சு மடங்கு ஆபத்துன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றாங்க. ஆனா அந்தக் கட்டி உருவாகறது நடக்கறதால இல்ல. இடது மேல் அறைல அப்பெண்டேஜ்னு ஒரு சின்ன பை இருக்கு, அறை சரியா சுருங்காததால அந்த மூலைல ரத்தம் தேங்குது, தேங்கின ரத்தம் உறையுது. அதைத் தடுக்கத்தான் அபிக்ஸாபான். ஏழு மாசமா ரெண்டு வேளையும் விடாம போட்டுட்டு இருக்கீங்கன்னா நீங்க செய்ய வேண்டிய முக்கியமான வேலைய செஞ்சுட்டீங்க, மாடிப்படி ஏறினதால கட்டி கிளம்பிடும்னு அவங்க பயப்பட வேண்டியதில்ல. அவங்க நிஜமா கண்காணிக்கணும்னா ராத்திரி மாத்திரைய கண்காணிக்கட்டும்ங்க. அந்த மாத்திரையோட வேலை சுமார் 12 மணி நேரத்துலயே பாதியா குறைய ஆரம்பிக்கும், கல்யாணம் காதுகுத்துன்னு ஊருக்குப் போயிட்டு ராத்திரி டோஸ் விட்டுப் போறதுதான் நான் அடிக்கடி பாக்கற விஷயம். மறந்துட்டா அன்னிக்கு ஞாபகம் வந்த உடனே ஒண்ணு போடணும், அடுத்த வேளைக்கு சேத்து ரெண்டா போடக் கூடாது.

நடந்தா இது சரியாகுமான்னு கேட்டிருக்கீங்க. இதுக்கு பூசி மெழுகாம சொல்லணும். வந்து வந்து போற ஏஎஃப் உள்ளவங்களுக்கும், ஷாக்லயோ மருந்துலயோ ஒழுங்குக்கு திரும்பக்கூடியவங்களுக்கும் உடற்பயிற்சியால அது திரும்ப வர்றதே குறையுதுன்னு இப்ப நல்ல ஆதாரம் இருக்கு. ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுல 120 பேர வெச்சு ஆக்டிவ் ஏஎஃப்னு ஒரு ஆய்வு, 2021ல ஐரோப்பிய இதய மாநாட்டுல சொன்னாங்க. ஆறு மாசம் ஆள் வெச்சு மேற்பார்வைல பயிற்சி, வாரத்துக்கு 210 நிமிஷம் வரைக்கும் மெதுவா ஏத்திட்டு போனாங்க, ஒரு வருஷம் கழிச்சு பாத்தா பயிற்சி பண்ணவங்கள்ல 100க்கு 40 பேருக்கு ஏஎஃப் திரும்ப வரல, வழக்கமான வைத்தியம் மட்டும் எடுத்தவங்கள்ல 20 பேருக்குத்தான் வரல. அமெரிக்காவோட 2023 வழிகாட்டுதல்ல இந்த 210 நிமிஷத்த அப்படியே எடுத்துப் போட்டுட்டாங்க. நார்வேல 2016ல இன்னொண்ணு, 51 பேரு, வாரம் மூணு நாள் நாலு நாலு நிமிஷமா வேகமாவும் மெதுவாவும் மாத்தி மாத்தி பண்ண வெச்சாங்க, 12 வாரம் முடிஞ்சப்ப அவங்க ஏஎஃப்ல இருக்கற நேரம் 8 சதவீதத்துல இருந்து 5க்கு கீழ வந்துச்சு, சும்மா இருந்த குரூப்புக்கு 10ல இருந்து 14க்கு மேல போச்சு.

ஆனா உங்க விஷயம் வேற. ஷாக் குடுத்தும் திரும்பி வந்து, இனி இப்படியே இருக்கட்டும்னு டாக்டரும் நீங்களும் முடிவு பண்ணியாச்சு, அதனால நடந்து நடந்தே துடிப்பு பழையபடி ஒழுங்காயிடும்னு நான் சொன்னா அது பொய். அப்ப எதுக்கு நடக்கணும்? டென்மார்க்ல 2011ல உங்கள மாதிரி நிரந்தர ஏஎஃப் உள்ளவங்களுக்கே 12 வாரம் பயிற்சி குடுத்துப் பாத்தாங்க, துடிப்பு ஒழுங்காகல, ஆனா அவங்களால முன்ன விட ஜாஸ்தி உழைக்க முடிஞ்சுது, உக்காந்த நிலைல துடிப்பும் குறைஞ்சுது. இதயம் செஞ்சிட்டிருந்த வேலைல கொஞ்சத்த கால் தசை எடுத்துக்குது சார், வர்ற ரத்தத்துல இருந்தே ஆக்ஸிஜன நல்லா உறிஞ்சிக்க கத்துக்குது, அதனால அதே மாடிக்கு இதயம் குறைவா ஓடினா போதும். இப்ப உங்களுக்கு மூச்சு வாங்குதுன்னா அதுல எவ்வளவு ஏஎஃப், எவ்வளவு ஏழு மாசம் உக்காந்ததும் 7 கிலோவும்னு யோசிச்சுப் பாருங்க. என் கணக்குல ரெண்டாவதுதான் ஜாஸ்தி.

சரி, எப்படி ஆரம்பிக்கறது. ஏஎஃப்ல ஒரு விசேஷம் என்னன்னா நடக்க ஆரம்பிச்ச முதல் ரெண்டு மூணு நிமிஷத்துலயே துடிப்பு குபுக்குனு ஏறிடும், மத்தவங்களுக்கு படிப்படியா ஏறும். அதனால வார்ம்அப் உங்களுக்கு சம்பிரதாயம் இல்ல, அதுதான் பாதி வைத்தியம். முதல் வாரம் மொத்தமே 20 நிமிஷம் போதும், முதல் 7 நிமிஷம் கோயில் பிரகாரத்துல நடக்கற மாதிரி மெதுவா, நடுவுல 8 நிமிஷம் கை வீசி அந்த வாய்ப்பாட்டு வேகத்துல, கடைசி 5 நிமிஷம் திரும்ப மெதுவா. வாரத்துல அஞ்சு நாள். கடைசி 5 நிமிஷத்த தயவுசெஞ்சு விட்றாதீங்க, வேகமா நடந்துட்டு டக்குனு நின்னா ரத்தம் கால்லயே தங்கிடும், பீட்டா பிளாக்கரும் பிரஷர் மாத்திரையும் போடறவங்களுக்கு கண்ணைக் கட்டிட்டு வரும், விழுந்து அடி பட்டா அபிக்ஸாபான் போடற உங்களுக்கு ரத்தம் லேசுல நிக்காது. வாரத்துக்கு 5 நிமிஷம் நடுப்பகுதில சேத்துட்டே போங்க, வேகத்த ஏத்தாதீங்க, நேரத்த மட்டும் ஏத்துங்க. ஆறு ஏழு வாரத்துல 42 நிமிஷத்துக்கு வந்துடுவீங்க, அஞ்சு நாளுக்கு 210 கணக்கு சரியா வந்துருச்சா. ஒரு வாரம் முடியலைன்னா அதே வாரத்த திரும்ப பண்ணுங்க, யாரும் மார்க் போடப் போறதில்ல.

இடம் சமதளமா இருக்கட்டும், வ.உ.சி. பார்க் மாதிரி. ஈரோட்டு வெயில் உங்களுக்கு நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல, மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும் காலைல ஏழு மணிக்குள்ள முடிச்சுடுங்க, தண்ணி குடிச்சுட்டு கிளம்புங்க, உடம்புல தண்ணி குறைஞ்சா துடிப்பு தானா ஏறும். எட்டு போட்டு நடக்கற பழக்கம் இப்ப எல்லா பார்க்லயும் இருக்கு, அதுல தனியா ஒரு மகிமை இருக்குன்னு எனக்குத் தோணல, சின்ன எட்டுல சுத்திச் சுத்தி தலைசுத்தல் வர்றவங்கதான் எங்க கிட்ட வர்றாங்க, நேரா நடங்க போதும். எட்டு நம்பிக்கைக்காரங்க என்னை திட்டிக்கலாம்.

வீட்டம்மாவ கூடவே கூட்டிட்டுப் போங்க. பேசிட்டு நடக்க ஒரு ஆள் வேணும்ல, அதோட நீங்க 40 நிமிஷம் நடந்துட்டு சிரிச்சுட்டு வர்றத அவங்களே கண்ணால பாத்தா அந்த வீடியோ பயம் தானா போகும், நான் எத்தனை பக்கம் எழுதினாலும் போகாது.

நடையோட வாரம் ரெண்டு நாள் தசைக்கும் கொஞ்சம். கை இல்லாத நாற்காலில உக்காந்து எழுந்திரிங்க, கைய ஊனாம, 8 தடவைல ஆரம்பிங்க. சுவத்துல கை வெச்சு தள்ளற புஷ்அப் 8 தடவை. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு கைலயும் வெச்சு மடக்கி நீட்டறது. ஒரே ஒரு சட்டம், சிரமப்படற நேரத்துல மூச்ச வெளிய விடணும், பல்லக் கடிச்சுட்டு மூச்ச அடக்கிட்டு தூக்கக் கூடாது, அதுல பிரஷர் சட்டுனு எகிறும். மண்டில மூட்டை நகத்தற வேலை இருந்தா அதுக்கும் இதே சட்டம்தான்.

ஷட்டில். நீங்க இதத்தான் முதல்ல தேடியிருப்பீங்கன்னு தெரியும். ஆடலாம், ஆனா இப்ப இல்ல. ஷட்டில்ல பிரச்சனை என்னன்னா நின்னுட்டு இருக்கற ஆளு ஒரே செகண்ட்ல பாய்ஞ்சு நெட்டுக்கு ஓடணும், ஏஎஃப்ல துடிப்பு எகிற இதை விட நல்ல வழி கிடையாது. அதோட ஷட்டில் கோஷ்டி எனக்கு நல்லா தெரியும், நேரா பைக்ல வந்து இறங்கி, ஷூ லேஸ் கட்டினதுதான் வார்ம்அப், 21க்கு ஆடி, பாயிண்டுக்கு சண்டை போட்டு, முடிச்ச சூட்டுலயே டீக்கடை. இப்படி ஆடறதுன்னா வேண்டாம். 42 நிமிஷ நடை ஒரு மாசம் சிரமமில்லாம ஓடட்டும். அதுக்குள்ள டாக்டர்கிட்ட மாத்திரை போட்ட நிலையிலயே ஒரு ட்ரெட்மில் டெஸ்ட்டோ இல்ல ஹோல்ட்டரோ (உடம்புல மாட்டிட்டு 24 மணி நேரமும் ஈசிஜி பதியற மெஷின்) கேளுங்க. உக்காந்தப்ப 85 இருக்கறவருக்கு வேகமா ஓடினா 180 போகுதுன்னா மாத்திரை அளவ அவர் மாத்த வேண்டி வரலாம், அது உக்காந்த நிலை ஈசிஜில தெரியவே தெரியாது. அது சரியா இருந்தா டபுள்ஸ், ஸ்கோர் வெக்காம, சும்மா ராலி மட்டும், பத்து நிமிஷம் நடந்துட்டுதான் கோர்ட்டுக்குள்ள காலை வெக்கணும். சிங்கிள்ஸ், டோர்னமெண்ட் எல்லாம் ஆசைப்படாதீங்க. ரத்தம் இளக மாத்திரை போடறவருங்கறத கூட ஆடறவங்களுக்கு சொல்லி வைங்க, கீழ விழுந்தோ ராக்கெட் பட்டோ தலைல அடி பட்டா, வீங்கலைனாலும், வலி இல்லைனாலும், வீட்டுக்குப் போகாம நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் அபிக்ஸாபான் போடறேன்னு சொல்லணும்.

ஆடிட்டு முட்டி வலி, தோள் வலின்னு மெடிக்கல்ல போய் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வாங்கிப் போட்டுடாதீங்க, அபிக்ஸாபானோட சேந்தா வயித்துல ரத்தக்கசிவு வர்ற வாய்ப்பு கூடும். இதை ஏன் தனியா சொல்றேன்னா நடக்க ஆரம்பிச்ச முதல் மாசத்துல கால் வலிக்கும், எல்லாரும் பண்ற காரியம் இதுதான்.

இன்னொரு பக்கமும் சொல்லிடறேன், ஏன்னா உங்கள மாதிரி விளையாட்டு ஆளுங்க பயம் போனதும் நேரா மாரத்தானுக்கு பேர் குடுத்துடுவாங்க. ஸ்வீடன்ல வாசலோப்பெட்னு 90 கிலோமீட்டர் பனிச்சறுக்கு பந்தயம், அதுல கலந்துக்கிட்ட 52,000க்கும் மேல பேரோட பதிவுகள எடுத்துப் பாத்தா, நிறைய தடவை முடிச்சவங்களுக்கும் ரொம்ப வேகமா முடிச்சவங்களுக்கும்தான் துடிப்புக் கோளாறு ஜாஸ்தி. வருஷக்கணக்கா உடம்ப எல்லை வரைக்கும் தள்றவங்க கதை அது. தினம் 42 நிமிஷம் நடக்கறவருக்கு அந்தக் கவலை தேவையே இல்ல, அதைக் காட்டி "பாத்தீங்களா, எக்சர்சைஸே ஆகாது"ன்னு வீட்டுல யாரும் சொல்லக் கூடாதுன்னுதான் சேத்து எழுதறேன்.

மூச்சுப்பயிற்சி தாராளமா பண்ணுங்க, மெதுவா இழுத்து, இழுத்தத விட நிதானமா விடறது மட்டும். அமெரிக்காவுல கான்சஸ்ல டாக்டர் தனஞ்செய லக்கிரெட்டி குழு 2013ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு, வந்து வந்து போற ஏஎஃப் உள்ள 49 பேருக்கு மூணு மாசம் யோகா, படபடப்போட வர்ற ஏஎஃப் சராசரி 3.8 தடவைல இருந்து 2.1ஆ குறைஞ்சுது, பதட்டமும் மனச்சோர்வும் குறைஞ்சுது. சின்ன ஆய்வுதான், எதிர்ல ஒப்பிட தனி குரூப்பும் கிடையாது, அதனால மருந்துக்கு பதிலா யோகான்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து வந்துடுங்க. கபாலபாதி மாதிரி வேகமா அடிக்கறது, மூச்ச உள்ள நிறுத்தி வெக்கற கும்பகம், இது ரெண்டும் உங்களுக்கு வேண்டாம். சிரசாசனத்த யூடியூப் பாத்து கத்துக்கவே வேண்டாம், ரத்தம் இளக மாத்திரை போட்டுட்டு தலைகீழா விழறதுக்கு எந்த ஆசனமும் தகுதி கிடையாது.

எடைய பத்தி நீங்க ஒரு வரிதான் எழுதியிருக்கீங்க, எனக்கு அதுதான் பெருசா தெரியுது. அதே அடிலெய்டு குழு 2015ல வெளியிட்ட லெகசி ஆய்வுல, பருமனான ஏஎஃப் நோயாளிங்கள்ல 10 சதவீதமோ அதுக்கு மேலயோ எடை குறைச்சு அதைக் காப்பாத்தினவங்களுக்கு ஏஎஃப் இல்லாம இருக்கற வாய்ப்பு மத்தவங்கள விட ஆறு மடங்கு. உங்களுக்கு துடிப்பு திரும்பாதுன்னாலும் பிரஷரும் மூச்சு வாங்கறதும் குறைய நல்ல வாய்ப்பு இருக்கு. ராத்திரி ஒன்பதரைக்கு பரோட்டா சாப்பிட்டுட்டு காலைல நடக்கற நடை அந்தக் கணக்குல நிக்காது. குறட்டை ஜாஸ்தியா, தூக்கத்துல மூச்சு நிக்கற மாதிரி இருக்குன்னு வீட்டுல சொல்றாங்களான்னு கேளுங்க, இருந்தா அதுக்கு தனியா டெஸ்ட் இருக்கு, ஏஎஃப்க்கும் அதுக்கும் நெருங்கின சம்பந்தம். சரக்கு பழக்கம் இருக்கான்னு நீங்க எழுதல, நானும் உங்க வீட்டம்மா படிக்கற லெட்டர்ல கேக்கல, இருந்தா நிறுத்திடுங்க. காபி ஒரு டம்ளர் ரெண்டு டம்ளர் குடிச்சுக்கோங்க, உங்களுக்கு அது படபடப்ப கிளப்பலைன்னா பிரச்சனை இல்ல.

நடக்கறப்ப துடிப்பு தப்பித் தப்பி அடிக்கறது தெரியும், அது உங்களுக்கு புதுசு இல்ல, நிக்க வேண்டாம், வேகத்த மட்டும் குறைங்க. நெஞ்சு அழுத்தம், கண் இருட்டறது, நேத்து சுலபமா நடந்த தூரத்துக்கே இன்னிக்கு மூச்சு முட்டறது, இதெல்லாம் வந்தா உக்காருங்க, பத்து நிமிஷத்துல சரியாகலைன்னா 108. கால் வீங்கி மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா அது கொழுப்பு இல்ல, தண்ணி, டாக்டர பாக்கணும். வாய் ஒரு பக்கம் கோணுச்சு, ஒரு கை தூக்க வரல, பேச்சு குழறுச்சுன்னா உக்காந்து பாக்கற வேலையே கிடையாது, அது நடந்த மணிய குறிச்சுட்டு அப்பவே 108 கூப்பிட்டு, சிடி ஸ்கேன் இருக்கற ஆஸ்பத்திரிக்கு.

இதைப் படிக்கற மத்தவங்களுக்கு ஒண்ணு. மேல சொன்ன எல்லாமே எக்கோல வால்வு நல்லா இருக்கற இவருக்கு சொன்னது. நம்ம ஊர்ல சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சலால மைட்ரல் வால்வு சுருங்கிப் போய், அதனால ஏஎஃப் வந்தவங்க நிறைய பேரு, அதுலயும் பெண்கள் ஜாஸ்தி. சுருங்கின வால்வு வழியா ரத்தம் இறங்கறதுக்கே நேரம் வேணும், துடிப்பு வேகமானா அந்த நேரம் கிடைக்காது, ரத்தம் பின்னாடி நுரையீரல்ல தேங்கி மூச்சு முட்டும். அவங்க இந்த நிமிஷக் கணக்க எடுத்துக்கவே கூடாது, கார்டியாலஜிஸ்ட் கிட்ட எவ்வளவு நடக்கலாம்னு தனியா கேக்கணும். அவங்க போடற அசிட்ரோம், வார்ஃபரின் மாத்திரைய "இவரு அபிக்ஸாபான்தானே போடறாரு, டெஸ்ட் தொல்லை இல்லையே"ன்னு மாத்திக்கவும் கூடாது, அவங்களுக்கு ஐஎன்ஆர்ங்கற ரத்தம் உறையற டெஸ்ட் பாத்து போடற பழைய மாத்திரைதான் நல்லதுன்னு 2022ல வந்த இன்விக்டஸ் ஆய்வும் சொல்லிடுச்சு.

சார், அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறப்ப "நடக்கலாமா"ன்னு கேக்காதீங்க, ஆமான்னு சொல்லி அனுப்பிடுவாரு. உக்காந்த நிலை துடிப்ப ஒரு ரெண்டு வாரம் தேதி போட்டு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, அதை மேஜைல வெச்சுட்டு மூணு கேள்வி கேளுங்க: வேகமா நடக்கறப்ப என் துடிப்பு எவ்வளவு போகுதுன்னு டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமா, மெட்டோப்ரோலால் எந்த நேரத்துல போட்டா காலை நடைக்கு ஒத்து வரும், மூணு மாசம் கழிச்சு ஷட்டில் ஆட உங்களுக்கு ஆட்சேபனை இருக்கா. பதில என் கிட்ட சொல்லுங்க, ட்ரெட்மில் ரிப்போர்ட் வந்தா அதையும் வெச்சு வேகத்த இன்னும் சரியா சொல்லிடறேன்.